கூத்துக் கேசட்டும் எம்பி3 கோப்பும்: என்கோடர் ஏன் நிற்கிறது, பெயர்கள் ஏன் சிதைகின்றன?

பென்னாகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது. கேட்பவரின் தந்தையார் நெடுங்காலம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். திரௌபதி அம்மன் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டப் போன இடங்களிலெல்லாம் பாரதக் கூத்தைக் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். அந்தக் கேசட்டுகள், அவர் சேர்த்திருந்த திரைப்பாடல் எம்பி3 வட்டுகள், மகன் அண்மையில் கையடக்கப் பதிவுக் கருவியில் எடுத்த விடிய விடியக் கூத்துப் பதிவுகள் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, ஃபூபார்2000 என்ற ஒலி மென்பொருள் வழியாக ஃப்ளாக்காகவும் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) எம்பி3யாகவும் மாற்றும்போது, என்கோடர் (ஒலியை அந்த வடிவங்களுக்கு மாற்றும் நிரல்) 1 என்ற குறியீட்டுடன் பாதியில் நின்றுவிட்டதாகச் செய்தி வருகிறது. மாறிய சில கோப்புகள் நேரத்தைத் தவறாகக் காட்டுகின்றன, தமிழ்ப் பெயர்கள் சிதைகின்றன, ஒரே பாடகர் இரண்டு பேராகத் தெரிகிறார், பென் டிரைவில் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் வரிசை மாற்றிப் பாடுகிறது. என்கோடரையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டியதில்லை. எம்பி3 உருவாக்கும் லேம் 1998 முதலும் ஃப்ளாக் 2001 முதலும் புழக்கத்தில் இருக்கும் நிரல்கள். எத்தனையோ வகையான கணினிகளில் எத்தனையோ பேர் கையில் அடிபட்டு உறுதியானவை. இவற்றில் ஒன்று நின்றால், பழுது அதற்குள் போகும் ஒலியிலோ, அது எழுதப் போகும் இடத்திலோ, எழுதி முடித்த பிறகு நாம் செய்த ஒட்டு வேலையிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து தொல்லைகளும் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை. சேர்ந்து வந்ததால் ஒரே நோயாகத் தெரிகின்றன.

முதலில் அந்த 1 என்ற குறியீடு. அது "வேலை முடியவில்லை" என்பதற்கு மேல் எதையும் சொல்லாத பொதுக் குறியீடு. ஃபூபார்2000 தானே எம்பி3யையோ ஃப்ளாக்கையோ உருவாக்குவதில்லை. ஒலியை வாசித்து, லேம் அல்லது ஃப்ளாக் என்ற தனி நிரலிடம் ஒப்படைக்கிறது. அந்தத் தனி நிரல் என்ன காரணம் சொல்லி நின்றது என்பது நமக்கு வரும் செய்தியில் இருப்பதில்லை. நிரலே கணினியில் இல்லையென்றால் செய்தி வேறு மாதிரி, கோப்பு காணவில்லை என்று வரும். அதற்கு ஃபூபாரின் தளத்திலேயே கிடைக்கும் இலவச என்கோடர் தொகுப்பை நிறுவினால் போதும். உங்களுக்கு வருவது அதுவன்று. நிரல் கிளம்பியிருக்கிறது, பிறகு மறுத்திருக்கிறது.

எதை மறுத்தது என்று அறிய, சந்தேகப்பட வேண்டியவற்றை ஒரே நேரத்தில் குறைத்துப் பாருங்கள். ஏதாவதொரு பதிவிலிருந்து 10 விநாடித் துண்டை 16 பிட் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக வெட்டி, அதற்கு ஆங்கில எழுத்தில் குட்டிப் பெயர் ஒன்று வைத்து, சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் அமைத்து, அதற்குள்ளேயே ஃபூபாரின் இயல்பான அமைப்பில் மாற்றுங்கள். இது வெற்றிபெற்றால் என்கோடர் நலமாக இருக்கிறது. கோளாறு கோப்பின் வடிவத்திலோ பெயரிலோ இடத்திலோ இருக்கிறது. அடுத்து இவற்றுள் ஒன்றை மட்டும் பழையபடி ஆக்கிப் பாருங்கள்: அதே துண்டை மூல வடிவத்தில் கொடுத்துப் பார்க்கலாம், பிறகு தமிழ்ப் பெயரில், பிறகு வெளி ஹார்ட் டிஸ்க்கில். எந்த மாற்றத்தில் செய்தி திரும்ப வருகிறதோ அதுதான் காரணம். அப்போதும் புரியவில்லையென்றால் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, என்கோடரைக் கையால் இயக்கிப் பாருங்கள். ஃபூபார் மறைத்த காரணத்தை அது திரையில் ஒரே வரியில் எழுதிவிடும்.

உங்கள் நிலையில் நான் முதலில் சந்தேகப்படுவது ஒலியின் எண் வடிவத்தை. ஆடாசிட்டி இயல்பாக ஒலியை 32 பிட் மிதவைப் புள்ளி (தசமப் பின்னமுள்ள) எண்களாக வைத்துக்கொள்கிறது. ஏற்றுமதி செய்யும்போது அதே வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், வேவ் கோப்பின் தலைப்பில் வடிவ எண் 3 என்று பதிவாகும். சாதாரண வேவுக்கு அது 1. ஃப்ளாக் முழு எண்களுக்காக மட்டுமே வகுக்கப்பட்டது. 2022-இல் வந்த பதிப்பு முதல் 32 பிட் முழு எண்களையும் அதன் என்கோடர் ஏற்கிறது, அதற்கு முந்தையவை 24 பிட்டோடு நின்றுவிடும், மிதவைப் புள்ளியை எந்தப் பதிப்பும் ஏற்காது. ஆகவே ஆடாசிட்டியில் ஏற்றுமதி செய்யும்போது 24 பிட் அல்லது 16 பிட் என்று குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். ஃபூபாரில் நீங்களாக ஒரு என்கோடர் அமைப்பை எழுதி வைத்திருந்தால், அதில் அதிகபட்ச பிட் ஆழம் என்ற இடத்தில் 32 என்று இருக்கிறதா என்று பார்த்து, ஃப்ளாக்குக்கு 24 என்று மாற்றுங்கள். கையால் சேர்த்த கட்டளைச் சொற்கள் ஏதேனும் இருந்தால் அவற்றையும் நீக்கிவிட்டு இயல்பு அமைப்புக்குத் திரும்புங்கள். பழைய குறிப்புகளைப் பார்த்து ஒட்டிய சொல்லொன்றைப் புதிய பதிப்பு அறியாமல் நின்றுவிடுவது அடிக்கடி நடப்பது.

அடுத்த சந்தேகம் இடத்தின் மேல். விண்டோஸ் பாதுகாப்பில், ஃபோல்டர்களுக்குள் யார் எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி ஒன்று உண்டு. கணினியைச் சரிசெய்து கொடுத்தவர் யாராவது அதை முடுக்கிவிட்டிருந்தால், மியூசிக், டாகுமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களுக்குள் அறிமுகமில்லாத நிரல் எழுதுவதை அது தடுக்கும். ஃபூபாருக்கு அனுமதி இருந்து லேமுக்கு இல்லாமல் இருக்கலாம். வெளி ஹார்ட் டிஸ்க்கில் இடம் தீர்ந்திருப்பதும் இதே செய்தியைத்தான் தரும்.

பெயரின் நீளம் மூன்றாவது. விண்டோஸில் பல நிரல்கள் இன்னும் கோப்பின் முழு வழித்தடத்துக்கு 260 குறிகள் என்ற பழைய எல்லையை வைத்திருக்கின்றன. தமிழில் இது நாம் நினைப்பதைவிட விரைவாக நிரம்பும். "கூத்து" என்று நாம் மூன்றெழுத்தாகப் படிப்பது கணினிக்கு ஆறு குறிகள்: க, ஊகாரக் குறி, த, புள்ளி, த, உகாரக் குறி. திருவிழாவின் பெயர், ஊரின் பெயர், ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் பெயர், நாடகத்தின் பெயர் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கினால், கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் வழித்தடம் எல்லையைத் தாண்டிவிடும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறிமுறையில் 3 பைட் என்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும். பெயரின் இறுதியில் தலைப்பெழுத்துக்கான புள்ளியோடு முடியும் ஃபோல்டர்களும் தொல்லை தரும். விண்டோஸ் அந்தக் கடைசிப் புள்ளியைத் தானாக நீக்கிவிடுவதால், எழுதும் நிரல் தேடும் ஃபோல்டரும் இருக்கும் ஃபோல்டரும் வேறாகிவிடுகின்றன.

இனி, இரவு 10 மணிக்குத் தொடங்கிய பதிவு 2 மணி சுமாருக்கு அறுந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவுக் கருவியின் மேல் பழி போட வேண்டாம். வேவ் கோப்பின் தலைப்பில் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் மட்டுமே. அதனால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அளவை அதில் எழுத முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு விநாடிக்கு 2,88,000 பைட். 4 மணி நேரம் 8 நிமிடத்தில் எல்லை வந்துவிடும். பத்து மணிக்குத் தொடங்கினால் 2 மணி 8 நிமிடம். உங்கள் கணக்கோடு பொருந்துகிறது. நினைவு அட்டை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால், அதிலும் ஒரு கோப்புக்கு அதே 4 ஜிகாபைட் எல்லை உண்டு. சில கருவிகள் எல்லை வந்ததும் புதிய கோப்பைத் தொடங்கிவிடும். அப்படியானால் மிச்சக் கூத்து அடுத்த எண்ணுள்ள கோப்பில் இருக்கும், அட்டையை அழிப்பதற்கு முன் தேடிப் பாருங்கள். கருவி அப்படிச் செய்யாவிட்டால் இனிமேல் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்தால் 6 மணி 45 நிமிடம் கிடைக்கும்; கூத்து மேடைக்கு நடுவில் ஒரே மைக்கில் எடுப்பதாயிருந்தால் மோனோவில் அதைப்போல் இரு மடங்கு. அதைவிடச் சிறந்த வழி, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்துபோகும் இடைவெளியில் பதிவை நிறுத்தி மறுபடி தொடங்குவது. ஒரே கோப்பாக எட்டு மணி நேரத்தைச் சுமந்து திரிவதால் யாருக்கும் பயனில்லை.

4 ஜிகாபைட்டைத் தாண்டிய வேவ் ஒன்று எப்படியோ உருவாகியிருந்தால், அதன் தலைப்பில் உள்ள அளவு தவறாக இருக்கும். என்கோடர் அந்த அளவை நம்பிச் சிறு துண்டை மட்டும் மாற்றிவிட்டு வெற்றி என்று சொல்லும். ஒலி முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. ஆடாசிட்டியில் தலைப்பைப் புறக்கணித்து மூலத் தரவாக இறக்குமதி செய்யும் வசதி உண்டு. மாதிரி வீதம், பிட் ஆழம், சேனல் எண்ணிக்கை மூன்றையும் சரியாகச் சொன்னால் முழுப் பதிவும் திரும்பக் கிடைக்கும். ஃப்ளாக்கில் இந்த அளவு எல்லை கிடையாது.

தவறான நேர அளவு இதற்கு உறவானது, ஆனால் எம்பி3யில் காரணம் வேறு. மாறும் பிட் வீதத்தில் (ஒலிக்கேற்ப விநாடிக்கான பிட் அளவு கூடிக் குறையும் முறையில்) எழுதப்பட்ட எம்பி3யின் முதல் சட்டகத்தில், அதாவது முதல் சிறு துண்டில், மொத்தம் எத்தனை சட்டகங்கள் என்ற குறிப்பை லேம் எழுதி வைக்கிறது. மென்பொருள் அதைப் பார்த்துத்தான் நேரத்தைச் சொல்லும். நீங்கள் கேசட்டின் ஏ பக்கத்தையும் பி பக்கத்தையும் தனித்தனி எம்பி3யாக்கி, பிறகு இணைப்பு மென்பொருளால் ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டியபின்னும் முதல் பக்கத்தின் குறிப்பே முன்னால் நிற்பதால், சி-90 கேசட் 45 நிமிடம் என்று காட்டிவிட்டு 90 நிமிடம் ஓடுகிறது. குறிப்பே இல்லாத கோப்புகளில் தவறு எதிர்த்திசையில் போகும்: தொடக்கத்திலுள்ள அமைதியான சட்டகம் 32 கிலோபிட்டில் இருக்க, மென்பொருள் முழுக் கோப்பும் அப்படித்தான் என்று கணக்கிட்டால், சராசரி 190 கிலோபிட்டில் எழுதிய 45 நிமிடப் பக்கம் நாலரை மணி நேரம் போலத் தோன்றும். ஃபூபாரில் கோப்பைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினால், யுடிலிட்டீஸ் என்பதன் கீழ் எம்பி3 தலைப்பைச் சரிசெய்யும் கட்டளை இருக்கிறது. ஒலியைத் தொடாமல் குறிப்பை மட்டும் புதிதாக எழுதும். சில விநாடி வேலை. இனிமேல் ஒட்ட வேண்டியதை ஃப்ளாக்கில் ஒட்டிவிட்டு, கடைசியில் எம்பி3யாக்குங்கள்.

எம்பி3யின் தரம் பற்றி நீங்கள் போகிறபோக்கில் கேட்டிருந்தாலும், கூத்துக்கு இது முக்கியம். எம்பி3 முறை ஒலியை 576 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு கட்டு 13 மில்லிவிநாடி. சுருக்கும்போது பிறக்கும் இரைச்சல் கட்டு முழுவதும் பரவுகிறது. கட்டின் நடுவில் திடீரென ஜால்ரா தட்டப்பட்டால், தட்டுவதற்கு முன்பிருந்த அமைதியிலும் அந்த இரைச்சல் கசிந்து, தட்டுக்கு முன்னால் ஒரு "ஸ்" கேட்கும். இத்தகைய இடங்களில் குறுங்கட்டுக்கு மாறுவதற்கு என்கோடருக்கு வழி உண்டு, ஆனால் போதிய பிட் இல்லாவிட்டால் அதுவும் உதவாது. திரைப்பாடலில் 128 கிலோபிட் சமாளித்துக்கொள்ளும்; ஜால்ராவும் முகவீணையும் மத்தளமும் சேர்ந்து ஓங்கும் படுகளக் காட்சியில் சமாளிக்காது. லேமின் வி2 தரநிலை, அதாவது சராசரியாக 190 கிலோபிட் அளவு, போதும். பகலில் நடக்கும் பாரதப் பிரசங்கம் மட்டும் என்றால் மோனோவில் 64 கிலோபிட்டே தாராளம். கேசட் இரைச்சல் அதிகமுள்ள பதிவுகளுக்குக் கோப்பு பெரிதாக வருவதைக் கண்டு வியக்க வேண்டாம். ஒழுங்கற்ற இரைச்சலைச் சுருக்குவதுதான் எந்த என்கோடருக்கும் கடினம்.

அந்த இரைச்சலை நீக்கிவிடலாமே என்று தோன்றும். நீக்கும் வசதியை மூலப் பதிவில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முகவீணையின் மேல்சுருதிகள் இரைச்சல் இருக்கும் அதே பகுதியில்தான் வாழ்கின்றன. நீக்கும் மென்பொருள் இரண்டையும் பிரித்தறியாமல் வழித்தெடுத்து, தண்ணீருக்குள்ளிருந்து ஊதுவதைப் போன்ற ஓசையை மிச்சம் வைக்கும். கூட்டத்தின் சிரிப்பும், நடுவில் அழும் குழந்தையும், எழுந்து போகிறவரை அதட்டும் குரலும் பதிவின் ஒரு பகுதியே. மாறாக, பதிவு செய்யும்போதே தவிர்க்கக்கூடியவற்றைத் தவிருங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் கேசட் டெக்கைச் செருகாமல், லைன் உள்ளீடு கொண்ட யுஎஸ்பி ஒலிக் கருவி ஒன்றைப் பயன்படுத்துங்கள். பின்னணியில் ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை; மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். மிக ஓங்கிய இடத்திலும் அளவுகாட்டி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். கேசட் மங்கலாகக் கேட்டால், மென்பொருளில் டிரெபிளை ஏற்றுவதற்கு முன், டெக்கின் ஹெட் அருகிலுள்ள சிறு திருகைச் சற்றே திருப்பிப் பாருங்கள். பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் இதன் சாய்வும் ஒத்துப்போகும் இடத்தில் ஜால்ரா பளிச்சென்று திறக்கும். சாய்வு கேசட்டுக்குக் கேசட் மாறும் என்பதால், ஒரு டெக்கை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. 96 கிலோஹெர்ட்ஸில் பதிய வேண்டுமா என்றால், கேசட்டுக்குத் தேவையில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு சி-90 வேவாக ஏறத்தாழ 950 மெகாபைட். ஃப்ளாக்கில் சுமார் பாதி.

இப்போது தமிழ்ப் பெயர்கள். சிதைவு மூன்று வகை. பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியலாம். மேலே கோடிட்ட ஆங்கில எழுத்தொன்றும் வட்டத்துக்குள் ஆர் என்ற வணிகக் குறியும் மாறி மாறி வந்தால், அது யுடிஎஃப்-8 முறையில் சரியாக எழுதப்பட்ட தமிழை மென்பொருள் பழைய மேற்கத்தியக் குறிமுறையாக வாசித்ததன் விளைவு. தமிழ் எழுத்துகள் அனைத்தின் முதலிரண்டு பைட்டுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் அந்த இணை திரும்பத் திரும்ப வருகிறது. இதில் தரவு எதுவும் அழியவில்லை. குறிமுறை மாற்றும் வசதியுள்ள டேக் (கோப்புக்குள் எழுதப்படும் பெயர் விவரம்) திருத்தியில் யுடிஎஃப்-8 என்று சொல்லி மறுபடி வாசிக்க வைத்தால் முழுவதும் மீண்டுவிடும். அத்தகைய ஒழுங்கில்லாமல் பலவகை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. உங்கள் தந்தையார் வாங்கிய எம்பி3 வட்டுகளில் இது இருக்க வாய்ப்பு மிகுதி. டிஸ்கி, டாப், பாமினி என்று எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்தால் யூனிகோடாகிவிடும். மூன்றாவது, எழுத்துக்கெல்லாம் வெறும் கேள்விக்குறி. அது தமிழை ஏற்காத குறிமுறையில் யாரோ சேமித்துவிட்டதன் அடையாளம். மூலப் பெயர் அழிந்துவிட்டது, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, கேட்டு எழுத வேண்டியதுதான். ஆகவே கேள்விக்குறியான டேக்குகளைச் சரிசெய்ய மணிக்கணக்கில் செலவிடாதீர்கள்.

இது இனிமேல் வராமலிருக்க, எம்பி3யில் ஐடி3 எனப்படும் டேக் முறையின் பதிப்பு 2.3, யுடிஎஃப்-16 என்று அமையுங்கள். 2.4 பதிப்பில் யுடிஎஃப்-8 அனுமதி உண்டென்றாலும், பழைய விண்டோஸும் பல ஒலிபரப்புக் கருவிகளும் அதைச் சரியாக வாசிப்பதில்லை. பழைய ஐடி3 முதல் பதிப்பு கோப்பின் கடைசி 128 பைட்டில் உட்கார்ந்திருக்கும். தலைப்புக்கு அதில் 30 பைட். தமிழை வைக்க அதில் முறையே இல்லை. யாராவது யுடிஎஃப்-8இல் திணித்தாலும் 10 குறிகளோடு வெட்டுப்படும். அதை நீக்கிவிடுவது உத்தமம். ஃப்ளாக்கில் டேக் எப்போதும் யுடிஎஃப்-8 மட்டுமே என்பதால் இந்தக் குழப்பமே எழுவதில்லை.

ஒரே பாடகர் இரண்டு பேராகத் தெரிவதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. டி.எம். சௌந்தரராஜன் என்ற பெயரில் முதலெழுத்தை ஔகாரக் குறியோடு "சௌ" என்று ஒருவர் அடிக்கிறார். இன்னொருவர் எகரக் குறியிட்ட "செ"யையும் அடுத்து "ள"வையும் அடித்து "செள" என்று வைக்கிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு சொற்கள். இன்னொரு வகை, "பொ" போன்ற எழுத்துகளில் நிகழும்: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்கொம்பும் பின்காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய மேக் கணினி வழியாக வந்த கோப்புப் பெயர்களில் இரண்டாம் முறை மிகுதி. இந்த இரண்டாவது வகையை யூனிகோடு நியமப்படுத்தும் நிரல் எதுவும் தானாகத் தீர்த்துவிடும், ஏனென்றால் இரண்டு எழுத்துமுறைகளும் சமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது. "செள" அப்படித் தீராது. அதில் உள்ளது உண்மையான ளகரம். அதற்காக எகரக் குறியும் ளகரமும் சேர்ந்த இடங்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக ஔகாரமாக மாற்றிவிடாதீர்கள். வெள்ளி, தெளிவு, தெள்ளமுது எல்லாம் சிதைந்துவிடும். கலைஞர் பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் இட்டு, அடுத்தடுத்து இரட்டையாக நிற்பவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். முதலெழுத்துகளுக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதையும் அப்போதே முடிவு செய்து, அந்த ஒரே முறையில் நில்லுங்கள்.

திரைப்பாடல்களுக்குப் படத்தின் பெயரை ஆல்பம் என்றும், பாடியவர்களை ஆர்ட்டிஸ்ட் என்றும், இசையமைப்பாளரை ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்றும் இடுங்கள். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இல்லாவிட்டால் ஆறு பாடகர்கள் பாடிய படம் ஆறு ஆல்பமாகச் சிதறும். வட்டுகளில் 320 கிலோபிட் என்று போட்டிருப்பவற்றை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்பெக் என்ற சிறு மென்பொருளில் திறந்து பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுவர் வைத்தாற்போல வெறுமையாக இருப்பவை பெரும்பாலும் 128 கிலோபிட்டிலிருந்து ஊதிப் பெருக்கியவை. இரட்டைப் பிரதிகளில் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க இது உதவும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நிகழ்ச்சிகளுக்காகச் சேர்த்த தெலுங்கு, கன்னடப் பாடல்களை அந்தந்த எழுத்திலேயே வைத்துவிட்டு, மொழி என்ற டேக்கை நிரப்புங்கள். தமிழில் ஒலிபெயர்க்கப் புகுந்தால் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதி மறுபடி இரட்டைகள் பிறக்கும்.

கூத்துப் பதிவுகளுக்குத் திரைப்பாடலின் சட்டையை மாட்டக் கூடாது. மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட் போன்ற, ஒலியை வைத்துப் பெயர் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இங்கே பயன்படா. அவற்றின் தொகுப்பில் இந்தப் பதிவுகள் இருக்கப் போவதில்லை. ஒரு திருவிழாவை ஓர் ஆல்பமாகக் கொள்ளுங்கள்: ஊர், கோயில், ஆண்டு. எத்தனையாவது இரவு என்பதை வட்டு எண்ணாகவும், அன்றைய பகுதியைத் தடத்தின் எண்ணாகவும் இட்டால், வில்வளைப்பு முதல் சூதாட்டம், அர்ச்சுனன் தபசு, படுகளம் வரை கதை ஓட்டத்திலேயே வரிசைப்படும். ஜமாவின் பெயர் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட். வாத்தியாரின் பெயர், வேடம் கட்டியவர்கள், மத்தளம், முகவீணை, ஹார்மோனியம் வாசித்தவர்கள் எல்லாம் குறிப்பு என்ற டேக்கில். கேசட் உறையில் தந்தையார் எழுதியதை எழுத்துப்பிழையோடு அப்படியே தட்டச்சு செய்து, உறையைப் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ஆண்டு நிச்சயமில்லை என்றால் ஊகத்தை ஆண்டு டேக்கில் எழுதாமல் குறிப்பில் எழுதுங்கள். ஊரில் பெரியவர்கள் குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் போட்டுக் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இவையெல்லாம் மூலத் தொகுப்புக்கு. அது ஃப்ளாக்கில், ஒரே இடத்தில், யாரும் கைவைக்காமல் இருக்கட்டும். பென் டிரைவுக்குப் போவது அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கக்கூடிய நகல். அதைப் பாதுகாக்க வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரின் யுஎஸ்பி பகுதி தமிழைக் காட்டாது, டேக்கைப் பார்க்காது, பெரும்பாலும் பெயர் வரிசையையும் மதிக்காது; பென் டிரைவில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். ஆகவே பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, கோப்புகளுக்கு 001, 002 என்று எண்ணிட்டு ஆங்கில எழுத்தில் சிறு பெயர் வைத்து, முழுவதையும் ஒரே முறையில் வரிசையாக நகலெடுங்கள். பிறகு நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அது கடைசியில்தான் போய் நிற்கும். டிரைவ்சார்ட், ஃபேட்சார்ட் போன்ற சிறு நிரல்கள் வரிசையைத் திருத்தி எழுதும். ஒரு பாட்டு முணுமுணுப்பாகவும் அடுத்தது காதைக் கிழிப்பதாகவும் இருப்பதைத் தவிர்க்க, ஃபூபாரில் பாடல்களின் ஒலியளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயினைக் கணித்து, எம்பி3யாக மாற்றும்போதே ஒலியளவில் அதைச் செயல்படுத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். டேக்காக மட்டும் எழுதினால் ஆம்ப்ளிஃபையருக்கு அது தெரியாது. பழைய கருவிகளுக்கு மாறும் பிட் வீதத்தைவிட நிலையான 192 கிலோபிட் பாதுகாப்பானது.

ஃப்ளாக் கோப்பு ஒவ்வொன்றும் தன் ஒலியின் எம்டி5 கையொப்பத்தை (ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை) தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் ஆண்டுக்கொரு முறை முழுத் தொகுப்பையும் சோதனை செய்து, எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று ஒலிக்கவிட்டுப் பார்க்காமலே அறியலாம். எம்பி3யில் இந்த வசதி இல்லை. நகல் குறைந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ஹார்ட் டிஸ்க்கின் கோப்புப் பட்டியல் கெடுவதே நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் விபத்து. மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

எந்தக் கேசட்டையும் டெக்கில் போடுவதற்கு முன் அதன் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. கீச்சென்று ஒலிக்கும், நாடா ஒட்டிக்கொள்ளும் கேசட்டுகளை முதலில் முடியுங்கள், நன்றாக ஓடுபவை காத்திருக்கலாம். மாற்றி முடித்த கேசட்டுகளை ஓட்டுக்கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏற்றாமல் நிழலான அலமாரியில் நிறுத்தி வையுங்கள். இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால், நிகழ்த்துகலைஞரின் உரிமை இந்தியச் சட்டப்படி நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் செல்லும் என்பதை மனத்தில் வைத்து, அந்தந்த ஜமாவிடமோ வாத்தியாரின் குடும்பத்தாரிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது அவர்களுடைய இரவுகளின் எம்பி3 நகலைப் பென் டிரைவில் கொண்டுபோனால், நீங்கள் நிரப்ப முடியாமல் விட்ட பெயர்களில் பாதியாவது அன்றே நிரம்பிவிடும்.